பாதியில் நின்ற வட்டு மறைகுறியாக்கத்தை மீண்டும் நகர்த்துவது எப்படி

மடிக்கணினியின் வட்டை மறைகுறியாக்க, அதாவது திறவுகோல் இல்லாதவர் வாசிக்க முடியாதபடி மாற்ற, விட்டுவிட்டு இரவு உறங்கப் போனவர், காலையிலும் அதே 43 சதவீதத்தைக் கண்டால் முதலில் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து இயந்திரத்தை அணைத்துப் பார்ப்பார். அதுவும் பலிக்காவிட்டால் மறைகுறியாக்கத்தையே நீக்கும்படி கட்டளை கொடுப்பார். இரண்டையும் செய்ய வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். நகராத எண்ணுக்குப் பின்னால் பொதுவாக மூன்றில் ஒரு நிலைமை இருக்கும்: வேலை நடக்கிறது, ஆனால் மிக மெதுவாக நடக்கிறது, அல்லது கணினி எதற்காகவோ காத்திருக்கிறது, அல்லது வட்டின் பழுதான ஓரிடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் இரண்டுக்கும் பொறுமையும் சில நிமிட வேலையும் போதும். மூன்றாவதில் தவறான வரிசையில் கைவைத்தால் கோப்புகள் போய்விடும்.

கொழும்பில் பெரும்பாலான அலுவலகங்களிலும் வீடுகளிலும் விண்டோஸ் மடிக்கணினிகளே இருப்பதால் அவற்றில் உள்ள மறைகுறியாக்க வசதியைப் பற்றியே இங்கு விரிவாக எழுதுகிறேன்; அப்பிள் கணினிகளுக்கு உரியவற்றைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸ் புரோ பதிப்பில் இதன் பெயர் பிட்லொக்கர். ஹோம் பதிப்பில் இதே தொழில்நுட்பம் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் இருக்கிறது. 2024 இல் வெளிவந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொப்ட் கணக்கில் நுழையும்போது, பொருத்தமான கணினிகளில் இது தானாகவே தொடங்கிவிடுகிறது. ஆகவே தாம் எதையும் தொடக்கவில்லை என்று உறுதியாகச் சொல்பவரின் கணினியிலும் இது பாதியில் நின்றிருக்கலாம்.

பாதியில் நிற்பதை ஏன் அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. 99 சதவீதம் முடிந்த வட்டு 99 சதவீதம் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். பிட்லொக்கரின் கணக்கு அப்படியல்ல. வட்டு முழுமையாக முடியும்வரை பாதுகாப்பு நிலை அணைந்திருப்பதாகவே அது காட்டும். அந்த நிலையில் காலி வீதி பஸ்ஸில் மடிக்கணினியைத் தவறவிட்டால், அதில் இருக்கும் சம்பளப் பட்டியல்களும் அடையாள அட்டைப் பிரதிகளும் எடுத்தவர் கைக்கு எட்டக்கூடும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய தகவல்களைக் கையாளும் நிறுவனங்களின் பொறுப்புகளை வகுத்துச் சொல்கிறது. கணக்காளர், சட்டத்தரணி, மருத்துவர் போன்றோர் இதைத் தள்ளிப்போடாமல் கவனிக்க வேண்டும்.

திறவுகோலும் நகலும் முதலில்

வேறு எதையும் தொடுவதற்கு முன் மீட்புத் திறவுகோலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டு வழமையாகத் திறக்காதபோது அதைத் திறக்க விண்டோஸ் கேட்கும், 48 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் அது; ஆறு இலக்கங்கள் வீதம் எட்டுத் தொகுதிகளாக இருக்கும். மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைந்த கணினி என்றால், இன்னொரு கணினியிலோ கைத்தொலைபேசியிலோ அந்தக் கணக்கின் இணையப் பக்கத்துக்குள் நுழைந்து, சாதனங்களின் பட்டியலில் மீட்புத் திறவுகோல் பகுதியைத் திறந்தால் கிடைக்கும். அலுவலகம் கொடுத்த கணினி என்றால் அது உங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் இருக்க வேண்டும். எங்கும் கிடைக்காவிட்டாலும், கணினி இன்னும் விண்டோஸுக்குள் போகிறது என்றால் கன்ட்ரோல் பனலில் உள்ள பிட்லொக்கர் பக்கத்திலிருந்து இப்போதே அதைச் சேமிக்கலாம். சேமிக்கும் இடம் அதே மடிக்கணினியாக இருக்கக் கூடாது. தாளில் அச்சிட்டு வைப்பதே எனக்குப் பிடித்த வழி.

கையால் எழுதி வைப்பவர்களுக்கு ஒரு பயனுள்ள சோதனை இருக்கிறது. அந்த எட்டுத் தொகுதிகளில் ஒவ்வொன்றும் 11 ஆல் மீதியின்றி வகுபடும்படியே ஆக்கப்பட்டிருக்கிறது. எழுதி முடித்ததும் கைத்தொலைபேசியின் கணிப்பானில் ஒவ்வொரு தொகுதியையும் 11 ஆல் வகுத்துப் பாருங்கள். தசமம் வந்தால் அந்தத் தொகுதியில் ஏதோ ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்தது கோப்புகளின் நகல். வெளிவட்டு ஒன்றை யூஎஸ்பியில் இணைத்து, மீண்டும் பெற முடியாதவற்றை முதலில் நகலெடுங்கள்: ஆவணங்கள், படங்கள், கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புகள், மின்னஞ்சல் சேமிப்புகள் என்ற வரிசையில் போகலாம். இதைத் தவிர்க்க முடியாத படியாக வலியுறுத்துவதற்குக் காரணம், சேதமான பிட்லொக்கர் வட்டிலிருந்து தரவை மீட்க மைக்ரோசொப்டே தரும் ரிப்பேர்-பிடிஈ என்ற கருவி, மறைகுறியாக்கத்தின் நடுவில் பழுதான வட்டுக்கு உதவாது என்பதுதான். வட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்டது என்று எடுத்துக்கொண்டே அது வேலை செய்கிறது. பாதியில் நிற்கும் வட்டு ஒன்று அந்த நிலையிலேயே செத்துப்போனால், வழமையான மீட்பு வழியும் அடைபட்டுவிடும்.

நிலைமையை வாசித்தல்

ஸ்டார்ட் மெனுவில் கொமாண்ட் ப்ரொம்ப்ட் என்று தேடி, அதை நிர்வாகி உரிமையுடன் திறவுங்கள். அங்கே மனேஜ் என்ற சொல், இடைவெளியின்றி ஒரு சிறுகோடு, பிறகு பி டி ஈ ஆகிய மூன்று எழுத்துகள். ஓர் இடைவெளி விட்டு இன்னொரு சிறுகோட்டுடன் ஸ்டேட்டஸ் என்ற சொல். இதுவே நிலைமையைக் காட்டும் கட்டளை. ஹோம் பதிப்பிலும் இது வேலை செய்யும்.

வரும் விடையில் சி வட்டுக்கு உரிய மூன்று வரிகளைக் கவனியுங்கள். கன்வேர்ஷன் ஸ்டேட்டஸ் என்ற வரி வேலை நடக்கிறதா, இடைநிறுத்தப்பட்டதா, முடிந்துவிட்டதா என்று சொல்லும். சதவீத வரி, திரையில் வரும் சிறு பெட்டியைவிடத் துல்லியமாகத் தசமத்துடன் வரும். புரொடெக்‌ஷன் ஸ்டேட்டஸ் என்ற வரி திறவுகோல் உண்மையாகவே பூட்டப்பட்டிருக்கிறதா என்று காட்டும். சதவீதத்தைக் குறித்து வைத்துவிட்டு, கணினியை வேறு வேலைக்குப் பயன்படுத்தாமல், அரை மணித்தியாலத்தின் பின் அதே கட்டளையை மீண்டும் கொடுங்கள். 43.2 என்பது 43.9 ஆகியிருந்தால் எதுவும் நிற்கவில்லை. வேலை மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு மெதுவாக இருந்தால் இயல்பு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டெராபைட் வன்தட்டு ஏறத்தாழ பத்து இலட்சம் மெகாபைட். அதை விநாடிக்கு 50 மெகாபைட் வேகத்தில் மாற்றினால் 20,000 விநாடிகள், அதாவது ஐந்தரை மணித்தியாலங்கள் பிடிக்கும். அது இயந்திரம் சும்மா இருக்கும்போது. பழைய சுழல் வன்தட்டில் ஒருவர் பக்கத்திலேயே காணொளி பார்த்துக்கொண்டும் கோப்புகளைப் பதிவிறக்கிக்கொண்டும் இருந்தால், ஒரு முழு நாளைத் தாண்டினாலும் நான் கவலைப்பட மாட்டேன். சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்எஸ்டி வட்டு அவ்வளவு நேரம் எடுத்தால் கவலைப்படுவேன்.

சதவீதம் அசையவே இல்லையென்றால் டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்போமன்ஸ் பகுதியில் அந்த வட்டைத் தெரிவு செய்யுங்கள். வட்டின் செயற்பாடு பூச்சியத்துக்கு அருகில் படுத்திருந்தால் கணினி எதற்கோ காத்திருக்கிறது. செயற்பாடு 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு, வாசிப்பு வேகம் மட்டும் விநாடிக்குச் சில கிலோபைட்டுகளாகவும், பதிலளிக்கும் நேரம் ஆயிரக்கணக்கான மில்லிவிநாடிகளாகவும் இருந்தால், வட்டு வாசிக்க முடியாத ஓரிடத்தைத் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு சிறு கணக்காய்வு அலுவலகத்தின் மடிக்கணினியில் இதை நேரில் பார்த்தேன். பச்சை வரைபடம் உச்சியில் தட்டையாக நின்றது. அதன் கீழே வேகம் பூச்சியத்துக்கும் ஒற்றை இலக்கத்துக்கும் இடையே துடித்தது. வன்தட்டின் மீது காதை வைத்தால் ஒரே தாளத்தில் மெல்லிய டிக் ஒலி கேட்டது. அந்தத் திரையை ஒருமுறை பார்த்தவர் பிறகு மறக்க மாட்டார்.

காத்திருக்கும் கணினி

பூச்சியத்திலேயே நிற்கும் கணினிதான் இவற்றில் மிக எளியது. தொடக்கத்தில் சிஸ்டம் செக் என்ற சோதனையைத் தெரிவு செய்திருந்தால், கணினி ஒருமுறை மறுதொடக்கம் ஆகும்வரை வேலை ஆரம்பமாகாது. இங்கே பலர் ஷட் டவுன் கொடுத்து மீண்டும் மின்பொத்தானை அழுத்துகிறார்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும்போது அது முழுமையான மறுதொடக்கம் ஆகாது. ஆகவே ரீஸ்டார்ட் என்பதையே தெரிவு செய்ய வேண்டும். அதற்கு முன் செருகியிருக்கும் யூஎஸ்பி குச்சிகளையும் டிவிடிகளையும் எடுத்துவிடுங்கள். தொடக்கத்துக்குப் பயன்படக்கூடிய டிவிடி ஒன்று உள்ளே கிடந்தாலே பிட்லொக்கர் வேலையைத் தொடங்க மறுக்கும்.

நிலை வரியில் இடைநிறுத்தம் என்று வந்தால், அதே மனேஜ்-பிடிஈ கட்டளையில் ஸ்டேட்டஸுக்குப் பதிலாக ரெஸ்யூம் என்று கொடுத்து, இடைவெளி விட்டு வட்டின் எழுத்தான சி, அதை ஒட்டி முக்காற்புள்ளி ஆகியவற்றை இட்டால் போதும். மீண்டும் தானாக இடைநின்றால் அதற்குக் காரணம் உண்டு. அதைப் பழுதான வட்டு பற்றிய பகுதியில் பாருங்கள்.

உறக்க நிலை இன்னொரு பரவலான காரணம். மூடியை மடித்தவுடன் கணினி உறங்குகிறது, மறைகுறியாக்கமும் அங்கேயே நிற்கிறது. இங்கு மின்சாரம் போகும்போதும் இதுதான் நடக்கிறது: சார்ஜர் நின்றதும் கணினி பற்றரிக்கு மாறுகிறது, பற்றரியில் உறக்கத்துக்கான நேரம் குறைவாக வைக்கப்பட்டிருப்பதால் சில நிமிடங்களில் உறங்கிவிடுகிறது, மின்சாரம் திரும்பிய பின்னும் யாராவது வந்து தட்டியெழுப்பும்வரை அப்படியே கிடக்கிறது. பவர் அமைப்புகளில் சார்ஜர் செருகியிருக்கும்போது உறங்காமல் இருக்கும்படியும், மூடியை மடித்தாலும் எதுவும் செய்யாதபடியும் மாற்றிவிட்டு, வேலை முடிந்ததும் பழையபடி வையுங்கள். மூடியைத் திறந்தே வைப்பதும், மெத்தைமீது வைக்காமல் மேசைமீது வைப்பதும் நல்லது. கொழும்பு வெக்கையில் மணிக்கணக்காக எழுதும் வட்டு நன்றாகவே சூடாகும்.

மின்வெட்டு மறைகுறியாக்கத்தையே நாசமாக்கிவிடும் என்ற அச்சம் 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் பலரிடம் இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டபோதும் மீண்டும் எழுந்தது. மின்சாரம் திடீரென்று போனாலும், அடுத்த முறை விண்டோஸ் தொடங்கும்போது, விட்ட இடத்திலிருந்து தொடரும்படியே பிட்லொக்கர் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பற்றரி செத்துப்போன மடிக்கணினிக்கும் இது பொருந்தும். ஆனாலும் அத்தகைய கணினியை யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் ஈடுபடுத்துவதை நான் விரும்புவதில்லை. மறைகுறியாக்கம் தப்பினாலும், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை இழக்கும் வன்தட்டுக்கு அது நல்லதல்ல. யூஎஸ்பி வட்டை மறைகுறியாக்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: இடைநிறுத்தாமல் அதைப் பிடுங்கினால் கோப்புகள் சேதமாகலாம் என்று விண்டோஸே எச்சரிக்கிறது.

சி வட்டில் இடம் திடீரென்று நிறைந்துவிட்டதைக் கண்டு, வேலை சிக்கிவிட்டது என்று எண்ணிக் கோப்புகளை அழிக்கத் தொடங்குபவர்களும் உண்டு. முழு வட்டையும் மறைகுறியாக்கும்போது வெற்றிடத்தில் கிடக்கும் பழைய தரவுகளின் எச்சங்களையும் மறைக்க வேண்டும் என்பதால், பிட்லொக்கர் பெரிய இடம்பிடிப்புக் கோப்பு ஒன்றை உருவாக்கி, ஏறத்தாழ 6 கிகாபைட் இடத்தை மட்டும் வெறுமையாக விடுகிறது. வேலை முடிந்ததும் இடம் திரும்பிவிடும். அதுவரை எதையும் அழிக்க வேண்டாம். புதிதாகப் பெரிய கோப்புகளை இறக்கவும் வேண்டாம்.

இன்னொரு நிலைமை சற்றுக் குழப்பமானது. சதவீதம் 100 என்று இருக்கும். ஆனால் பாதுகாப்பு அணைந்திருக்கும். வட்டின் படத்தில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி நிற்கும். செயற்படுத்தலுக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி தெரியும். இங்கே மறைகுறியாக்கம் முடிந்துவிட்டது, ஆனால் அதன் திறவுகோல் பூட்டப்படாமல் வட்டிலேயே திறந்து கிடக்கிறது. மீட்புத் திறவுகோலின் நகல் பாதுகாப்பான ஓரிடத்துக்குப் போகும்வரை விண்டோஸ் வேண்டுமென்றே இப்படிக் காத்திருக்கிறது. ஹோம் பதிப்பில் மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்தால் இது தீரும். புரோ பதிப்பில் டேர்ன் ஒன் பிட்லொக்கர் என்பதை அழுத்தித் திறவுகோலைச் சேமித்தாலும் தீரும். கடையில் உள்ளூர்க் கணக்குடன் அமைத்துக் கொடுக்கப்பட்ட கணினிகள் மாதக்கணக்காக இந்த நிலையில் கிடக்கலாம், உரியவருக்குத் தெரியாமலே.

அலுவலகக் கணினிகளில் நிர்வாகக் கொள்கை ஒரு வகைக் குறியாக்கத்தைக் கேட்க, வட்டு வேறு வகையில் ஏற்கெனவே தொடங்கப்பட்டிருப்பதாலும் சிக்கல் வரும். அதை நீங்களாக மாற்ற முயலாமல் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் விடுங்கள். அதுபோல, மறைகுறியாக்கம் நடக்கும்போது, கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸுக்கு உரிய புதுப்பிப்பு எதையும் ஓடவிட வேண்டாம்.

பழுதான வட்டு

டாஸ்க் மனேஜரில் அந்தத் துடிக்கும் பூச்சியத்தைக் கண்டவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவர். விண்டோஸ் லொக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம் பதிவைத் திறந்து, டிஸ்க் என்ற மூலத்திலிருந்து 7 ஆம் இலக்க நிகழ்வு இருக்கிறதா என்று தேடுங்கள். வட்டில் பழுதான பகுதி இருப்பதை அது நேரடியாகவே சொல்கிறது. 153 ஆம் இலக்கம் ஒரு வாசிப்பு முயற்சி திரும்பச் செய்யப்பட்டதைக் காட்டும். பிட்லொக்கர்-டிரைவர் என்ற மூலத்திலிருந்து 24588 ஆம் இலக்கம் வந்திருந்தால், மாற்றும் வேலை பழுதான பகுதி ஒன்றில் முட்டியது என்று பொருள்; வேறு ஊகம் தேவையில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் வட்டின் சுயகண்காணிப்பு எண்களையும் பார்க்கலாம். நிலுவையிலுள்ள பகுதிகள் என்ற வரி பூச்சியமாக இல்லாவிட்டால் அந்த வட்டை நம்ப வேண்டாம்.

இந்தக் கட்டத்தில்தான் மறைகுறியாக்கத்தை நீக்கிவிடலாம் என்ற எண்ணம் வலுவாக எழும். அது உதவாது. நீக்குவதும் வட்டை வாசித்துத் திரும்ப எழுதும் வேலைதான். அதன் பாதையில் பழுது இருந்தால் அங்கேயும் போய் நிற்கும், அதற்குள் வட்டு மேலும் களைத்திருக்கும். செய்ய வேண்டியது இது: மனேஜ்-பிடிஈ கட்டளையில் போஸ் என்று கொடுத்து வேலையை இடைநிறுத்துங்கள். மிச்சமிருக்கும் கோப்புகளை நகலெடுங்கள். நகலெடுக்கும்போது ஒரு கோப்பில் சிக்கினால் அதை விட்டுவிட்டு மற்றவற்றை முதலில் முடியுங்கள்.

நகல் கையில் வந்த பிறகே செக்டிஸ்க் கட்டளைக்குப் போக வேண்டும். தட்டச்சு செய்யும்போது சி, எச், கே, டி, எஸ், கே என்ற ஆறு எழுத்துகள், இடைவெளி, முக்காற்புள்ளியுடன் சி, இடைவெளி, சாய்கோட்டுடன் ஆர். அடுத்த மறுதொடக்கத்தின்போது சோதிக்கவா என்று கேட்கும். வை என்ற எழுத்தை அழுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இந்தச் சோதனை வட்டின் ஒவ்வொரு பகுதியையும் வாசித்து, வாசிக்க முடியாதவற்றைப் பயன்பாட்டிலிருந்து ஒதுக்கும். பெரிய வன்தட்டில் இதற்கே பல மணித்தியாலங்கள் ஆகும். இதன் சதவீதமும் நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்கும். நடுவில் அணைக்கக் கூடாது. நலிந்த வட்டை இது கடுமையாக உழைக்க வைக்கிறது என்பதனாலேயே நகலை முன்னால் வைத்தேன்.

சோதனை முடிந்து விண்டோஸ் திரும்பியதும் ரெஸ்யூம் கட்டளையைக் கொடுங்கள். ஓரிரு பழுதான பகுதிகள் மட்டுமே இருந்திருந்தால் சதவீதம் நகரத் தொடங்கும். நகர்ந்து 100 ஐத் தொட்டாலும், அந்த வட்டை மாற்றுவதே என் அறிவுரை. மறைகுறியாக்கம் ஒரு வட்டைப் பழுதாக்குவதில்லை; பல வருடங்களாக யாரும் வாசிக்காத மூலைகளையும் ஒருமுறை வாசிக்க வைப்பதால், ஏற்கெனவே இருந்த பழுதை வெளியே கொண்டுவருகிறது.

புதிய எஸ்எஸ்டி வாங்க பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா போன்ற இடங்களில் பல கடைகள் உண்டு. பாதி மறைகுறியாக்கப்பட்ட பழைய வட்டை அப்படியே புதியதற்குப் பிரதி செய்து தரும்படி கேட்காதீர்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவி, கோப்புகளை நகலிலிருந்து இடுவதே பாதுகாப்பு. பழைய வட்டைக் கடையிலேயே விட்டு வரவும் வேண்டாம். முடியாத பகுதியில் இருந்த கோப்புகள் இன்னும் வெறுமனே வாசிக்கக்கூடியவை. வட்டு அழிக்கும் கட்டளையையும் ஏற்காத நிலையில் இருந்தால், கழற்றி, உள்ளே இருக்கும் தட்டுகளைத் துளையிட்டோ வளைத்தோ உடைத்துவிடுங்கள்.

அப்பிள் கணினிகள்

2018 மாதிரி மக்புக் எயார், மக்புக் புரோ முதல் வந்த, ரி2 என்ற பாதுகாப்புச் சில்லு உள்ள மடிக்கணினிகளிலும், 2020 இல் தொடங்கிய அப்பிளின் சொந்தச் சில்லு உள்ளவற்றிலும் தரவு எப்போதும் மறைகுறியாக்கப்பட்டே எழுதப்படுகிறது. அப்பிளின் மறைகுறியாக்க வசதியான பைல்வோல்ட்டை இயக்குவது அதன் திறவுகோலை உங்கள் கடவுச்சொல்லோடு பிணைப்பதுதான். அதனால் அங்கே உள்வட்டுக்கு நீண்ட காத்திருப்பு இல்லை. பழைய மக்புக்குகளில் மாத்திரமே சதவீதம் நிற்கும். சார்ஜர் இல்லாவிட்டால் அவை வேலையை இடைநிறுத்திவிடும். ஆகவே சார்ஜர் செருகியிருந்தும் பற்றரி உண்மையில் சார்ஜ் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். ஏறுகிறது, ஆனாலும் நகரவில்லை என்றால், நகல் எடுத்துக்கொண்டு, மீட்பு நிலையில் தொடங்கி, டிஸ்க் யுட்டிலிட்டியில் உள்ள ஃபர்ஸ்ட் எயிட் சோதனையை ஓடவிடுங்கள்.

மீண்டும் தொடங்கும்போது

புதிய வட்டில் பிட்லொக்கரை இயக்கும்போது, பயன்படுத்திய இடத்தை மட்டும் மறைகுறியாக்குவதா, முழு வட்டையுமா என்று கேட்கும். பெட்டி பிரித்த புது வட்டுக்கு முதலாவது போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். முன்பு யாராவது பயன்படுத்திய வட்டு என்றால் முழு வட்டையும் தெரிவு செய்யுங்கள். அழித்த கோப்புகளின் எச்சங்கள் வெற்றிடத்தில் கிடக்கும். புதிதாகத் தொடங்குவதால் மீட்புத் திறவுகோலும் புதியதாகவே வரும். பழைய தாளைக் கிழித்துவிட்டு இதை அச்சிட்டு, ஒவ்வொரு தொகுதியும் வாசிக்கத் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்து, சதவீதம் 100 ஆகவும் பாதுகாப்பு இயங்குவதாகவும் இரண்டு வரிகளும் சேர்ந்து சொல்லும்வரை மடிக்கணினியை வீட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டாம்.